கார் ஹீட்டர் ஃபேன் ஓடவில்லை, மோட்டாரையே மாற்ற வேண்டுமா?

கொஞ்ச நாள் 4-ஆம் வேகத்தில் மட்டும் ஓடியது, இப்போது எதிலுமே ஓடவில்லை, மெக்கானிக் மோட்டார் போய்விட்டது என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். டொராண்டோ குளிரில் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் அளந்து பார்க்காமல் மோட்டாருக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன அந்த ‘4-இல் மட்டும்’ என்பதுதான் இதில் பெரிய துப்பு.

கையால் திருகி வேகம் மாற்றும் சாதாரண ஹீட்டரில் 1, 2, 3 மூன்றுக்கும் கரண்ட் அதைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும், 4-இல் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதனால் 4 மட்டும் ஓடினால் ரெசிஸ்டர்தான் எரிந்திருக்கும் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். (சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ கிளைமேட் உள்ள காரில் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.) சரி, ரெசிஸ்டர் ஏன் எரிகிறது? மோட்டார் வயதாகி இறுக்கமாகச் சுற்ற ஆரம்பித்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும், அந்தச் சூடெல்லாம் ரெசிஸ்டரிலும் அதன் பிளக்கிலும்தான் இறங்கும். ஃபேன் காற்றிலேயே ஆறட்டும் என்றுதான் ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள், கேபின் ஃபில்டரை இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் அந்த ஆறுதலும் குறைந்துவிடும்.

முதலில் ஃப்யூஸ். ப்ளோயருக்கு, அதாவது இந்த ஹீட்டர் ஃபேனுக்கு, பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும், எது என்று ஃப்யூஸ் பெட்டி மூடியிலேயே போட்டிருப்பார்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் இன்னொன்று போட்டுப் பாருங்கள், உடனே மறுபடியும் போனால் மோட்டார் சிக்கியிருக்கிறது அல்லது எங்கோ ஷார்ட். தயவுசெய்து பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், ஃப்யூஸ் தாங்கிக்கொள்ளும், வயர் தாங்காது, டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலே சந்தேகமாக இருந்தால் அதே பெட்டியில் அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலேயை மாற்றிச் சொருகிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ஃப்யூஸ், ரிலே இரண்டும் சரி என்றால் பயணி பக்கம் க்ளவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள், பெரும்பாலான கார்களில் மோட்டார் அதற்குக் கீழேயோ பின்னாலேயோ இருக்கும். மஞ்சள் பிளக்கோ மஞ்சள் உறை போட்ட வயரோ தென்பட்டால் அது ஏர்பேக்குடையது, அதில் கை வைக்காதீர்கள். இக்னிஷனை அணைத்துவிட்டு ரெசிஸ்டரின் பிளக்கை உருவி வெளிச்சத்தில் காட்டுங்கள். நல்ல பிளக் ஒரே நிறமாக இருக்கும், கெட்டதில் ஏதாவது ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும், சில சமயம் பின்னோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது, கருகிய வாசனையும் அடிக்கும். உங்கள் காரில் இப்படித்தான் இருக்கும் என்பது என் பலமான சந்தேகம், ஏனென்றால் 4-ஆம் வேகத்துக்கான கரண்டும் பல கார்களில் இதே பிளக் வழியாகத்தான் போகிறது. அப்படி இருந்தால் ரெசிஸ்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, வயரோடு வரும் புது பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்த அந்தப் பின் புது ரெசிஸ்டரையும் சுட்டுவிடும்.

மோட்டாரை அளப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறது, எனவே மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதி கருகிய வயர்கூட மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும், மீட்டர் கரண்டே இழுப்பதில்லையே. கழற்றிய ரெசிஸ்டர் பிளக்கைத் திரும்பச் சொருகி, இக்னிஷனைப் போட்டு, மோட்டார் பிளக்கையும் மோட்டாரில் சொருகியபடியே, ஃபேன் ஸ்விட்சை 4-இல் வைத்து, பிளக்கின் பின்பக்கமாக மெல்லிய ஊசிகளை விட்டு இரண்டு வயர்களுக்கும் இடையே அளங்கள். (ஒரு முனையை பாடியில் வைத்து அளக்காதீர்கள், சில கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், தப்பான கணக்கு வரும்.) 12-க்கு மேல் இருந்தும் சுற்றவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரி, மோட்டாரை மாற்றிவிடுங்கள். 4, 5 வோல்ட்தான் வருகிறது, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வயரிலோ பிளக்கிலோ ஸ்விட்சிலோதான். மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், சட்டென்று ஓட ஆரம்பித்தால் உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அது இன்னும் சில நாள் ஓடலாம், நம்பி ஊர் போக வேண்டாம்.

சரிசெய்யும்வரை வண்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரீசர்குலேஷனை (உள்காற்றையே திரும்பச் சுழற்றும் பட்டனை) அணைத்து, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், வண்டி ஓடும்போது வெளிக்காற்று தானாகக் கொஞ்சம் உள்ளே வரும். ஆனால் சிக்னலில் நின்றால் அதுவும் நின்றுவிடும், மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி பனித்துவிடும். கண்ணாடிப் பனியை நீக்கும் வசதிக்கென்றே கனடாவில் 103 என்ற எண்ணில் தனிப் பாதுகாப்பு விதி இருக்கிறது, அந்த அளவுக்கு இது அவசியமான சமாச்சாரம். எனவே ஸ்னோ கொட்டும் நாளில் இந்த வண்டியை எடுக்காதீர்கள், டிடிசி பஸ்ஸிலேயே போய் வாருங்கள்.