ஆந்தூரியம் இலை நுனி கருகுகிறது, அடி இலை மஞ்சளாகிறது, பூவும் இல்லை: என்ன செய்வது?

தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், பாளையங்கோட்டையில் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தினமும்தான் முதல் சிக்கலாகத் தெரிகிறது. கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் மரத்தின் மேல் ஒட்டி வளர்கிற செடி இது, வேருக்குக் காற்று வேண்டும். செம்மண்ணை அழுத்தி நிரப்பிய தொட்டியில் எப்போதும் ஈரம் நின்றால் வேர் அழுகி, இலை மஞ்சளாகிவிடும். செடியை மெதுவாக எடுத்துப் பாருங்கள். கறுத்துக் குழைந்த வேரை வெட்டிவிட்டு, ஊறவைத்து அலசிய தேங்காய்க் கதம்பை (உரிமட்டை)த் துண்டு, அடுப்புக்கரி, கொஞ்சம் ஓட்டுச் சில்லு எல்லாம் கலந்து நடுங்கள். அப்புறம் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

நுனி கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் வறண்ட காற்றும் உப்புத் தண்ணீரும். நம்ம ஊர் சித்திரை வெயிலும், ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே சுழற்றி அடிக்கிற காற்றும் இதற்கு ஆகவே ஆகாது, அதனால் ஜன்னல் காற்று நேராகப் படாத இடத்தில், ஈரக் கூழாங்கல் தட்டின் மேல் வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், தாமிரபரணித் தண்ணீரோ மழைநீரோ நல்லது.

பூ வராததற்கு வெளிச்சக் குறைவுதான் முக்கியக் காரணம். கிழக்கு ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாமல் நகர்த்துங்கள். சரி, வீட்டில் சின்னப் பிள்ளைகளோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.