கிளைடர் சிமுலேட்டர்ல நல்லா ஓட்டுறவங்க நிஜ கிளைடரையும் ஓட்டிட முடியுமா?

காண்டார் மாதிரி கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) சிமுலேட்டர்ல ரொம்ப நாளா ஓட்டிட்டு இருக்கேன், தெர்மல் (சூடாகி மேல எழும்புற காத்து) பிடிக்கிறேன், ஆன்லைன் ரேஸ் கூட முடிக்கிறேன், நிஜ கிளைடர்ல உக்கார வச்சா ஓட்டிடுவேனா, இதெல்லாம் எந்த அளவுக்கு நிஜம்னு கேட்டிருக்கீங்க. நான் ரெண்டும் ஓட்டுறவன், ரெண்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனியா ஓட்ட முடியாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். பின் சீட்ல இன்ஸ்ட்ரக்டர் இருந்தா மத்த புது ஆளுங்களை விட சீக்கிரம் கத்துப்பீங்க, அதுவும் சில விஷயத்துல மட்டும். ஏன்னா சிமுலேட்டர்ல கிளைடர் கிட்டத்தட்ட அசல், காத்து பாதி தான் அசல், உங்க உடம்பு அங்க இல்லவே இல்ல.

கிளைடர் ஏன் அசல்னா, இன்ஜின் இல்லாததால கணக்கு ஓரளவு சுலபம். ப்ரொப்பெல்லர் கிடையாது, அது முறுக்குற டார்க் விசை கிடையாது, எரிபொருள் தீர்ந்து எடை மாறுறது கிடையாது. எந்த வேகத்துல போனா செகண்டுக்கு எவ்வளவு இறங்கும்னு ஒவ்வொரு மாடலுக்கும் அளந்து வச்சிருக்காங்க, அதை போலார்னு சொல்வாங்க, அதை ப்ரோக்ராம்ல ஏத்திட்டா பாதி வேலை முடிஞ்சுது. பல நாட்டு கிளப்ல பயிற்சிக்கு ஓடுற ஏஎஸ்கே 21க்கு பெஸ்ட் கிளைட் சுமார் 34, அதாவது அசையாத காத்துல 1 கிலோமீட்டர் உயரம் இருந்தா 34 கிலோமீட்டர் போகும். எல்எஸ்8 மாதிரி ரேஸ் கிளைடருக்கு 43 பக்கம் வரும். இந்த வித்தியாசம் எல்லாம் சிமுலேட்டர்ல நல்லாவே தெரியும். காண்டார் 2005ல முதல்ல வந்துச்சு, 2018ல காண்டார் 2 வந்துச்சு, ரெண்டுமே கிளைடருக்குன்னே எழுதினது. எக்ஸ்-பிளேன் வேற வழி, இறக்கையை துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டு மேலயும் காத்து குடுக்கிற விசையை தனித்தனியா கணக்கு போடும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்லயும் 2022 நவம்பர்ல கிளைடர் சேத்தாங்க. நீள இறக்கைங்கிறதால ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினா மூக்கு முதல்ல வலது பக்கம் விலகும், கனோப்பி (காக்பிட்டை மூடுற கண்ணாடி) மேல ஒட்டியிருக்கிற கம்பளி நூல் சாயும், இடது ரட்டர் (காலால பெடலை அழுத்தி வாலுல திருப்புற பலகை) சேத்து குடுத்தா தான் நூல் நேராகும், இதெல்லாம் சிமுலேட்டர்ல அப்படியே வரும், நம்பிப் பழகலாம்.

காத்து தான் பிரச்சனை. சிமுலேட்டர்ல இருக்கிற ஒவ்வொரு லிஃப்ட்டும் (மேல தூக்குற காத்து) ஏதோ ஒரு விதிப்படி வச்சது. வெயில் படுற சரிவு, தரையோட வகை, காத்தோட திசை, மேகத்தோட உயரம், இதை வச்சு ப்ரோக்ராம் ஒரு தெர்மலை உருவாக்குது, மேல ஒரு குமுலஸ் மேகத்தை வைக்குது, கொஞ்ச நேரத்துல கரைக்குது. நிறைய ஓட்டினா உங்க மூளை அந்த விதியை கண்டுபிடிச்சிடும், இந்த மாதிரி மேகம்னா இந்த பக்கத்துல கோர் (லிஃப்ட் ரொம்ப பலமா இருக்கிற நடுப்பகுதி) இருக்கும்னு கை தானா போகும். ஆனா அது அந்த ப்ரோக்ராமை கத்துக்கிட்டது, காத்தை கத்துக்கிட்டது இல்ல. நிஜ தெர்மல் கிழிஞ்சு கிழிஞ்சு வரும், காத்தோட சாயும், கீழ ரெண்டு மூணு தனித்தனி கோரா இருந்து மேல போய் ஒண்ணு சேரும், சில சமயம் வெறும் குமிழி மாதிரி வந்து உங்களைத் தாண்டி மேல போயிடும், நீங்க அதுக்குக் கீழ சுத்திட்டு இருப்பீங்க. மேகம் வளருதா சாகுதான்னு அடிப்பக்கத்தைப் பாத்து சொல்லணும், தட்டையா கருப்பா இருந்தா போகலாம், ஓரம் பிஞ்சு அடி கலைஞ்சு இருந்தா நீங்க போய் சேர்றதுக்குள்ள அங்க சிங்க் (கீழ இறங்குற காத்து) மட்டும் தான் மிச்சம் இருக்கும். மலைச்சரிவு லிஃப்ட்டும் அதே கதை. காத்தோட வேகத்தையும் சரிவையும் வச்சு சிமுலேட்டர் போடுற கணக்கு பொதுவா சரி தான், ஆனா நிஜத்துல அந்த இடம் அடிச்சு உதறும், ஒரு கிளை மலை குறுக்க வந்தா அதுக்குப் பின்னாடி காத்து திடீர்னு கீழ அமுக்கும். டர்புலன்ஸ் செட்டிங் எல்லாத்துலயும் இருக்கு, அதை ஏத்தினா ஸ்க்ரீன் ஆடும், நீங்க ஆட மாட்டீங்க.

அடுத்தது உடம்பு, இங்க தான் ரொம்ப பேர் தப்பா நினைக்கிறாங்க. ஒரு தெர்மலுக்குள்ள நுழையறப்ப என்ன நடக்குதுன்னு கொஞ்சம் மெதுவா சொல்றேன். முதல்ல பெரும்பாலும் ஒரு சிங்க் வரும், கிளைடர் கீழ போற மாதிரி வயித்துல தெரியும். அப்புறம் சீட் உங்களை கீழ இருந்து ஒரு தள்ளு தள்ளும், காத்து சத்தம் லேசா மாறும், ஒரு இறக்கையை மட்டும் யாரோ தூக்குற மாதிரி இருக்கும். தூக்கின பக்கம் தான் லிஃப்ட் அதிகம், ஆனா கிளைடர் தானா எதிர்ப்பக்கம் சாயப் பாக்கும், நீங்க அதை விடாம தூக்கின பக்கமே திருப்பணும். இது எல்லாம் ஒண்ணு ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிடும், ஏறுற, இறங்குற வேகத்தைக் காட்டுற வேரியோமீட்டர் முள்ளு அதுக்கப்புறம் தான் நகர ஆரம்பிக்கும், ஏன்னா அது அழுத்த மாற்றத்தை அளந்து காட்ட கொஞ்சம் நேரம் எடுக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 25 மீட்டர். 45 டிகிரி சாஞ்சு சுத்தினா வட்டத்தோட ஆரம் சுமார் 65 மீட்டர், ஒரு சுத்துக்கு 16 செகண்ட். முள்ளு ரெண்டு செகண்ட் லேட்டா சொல்லுதுன்னா நீங்க வட்டத்துல எட்டுல ஒரு பங்கு தாண்டிட்டீங்க. நிஜ பைலட் அந்த இடைவெளியை சீட்ல உணர்ற தள்ளை வச்சு நிரப்புறார். சிமுலேட்டர் பைலட்டுக்கு அது கிடையாது, அவர் முழுக்க முழுக்க வேரியோவை பாத்து, பீப் சத்தத்தை கேட்டு கோர் பிடிக்கிறார். அதுல சிலர் அசாத்திய திறமைசாலிங்க, மறுக்கல. ஆனா அதே பழக்கத்தோட நிஜத்துல வந்தா கண்ணு உள்ளயே இருக்கும், அதே தெர்மல்ல வேற மூணு கிளைடர் சுத்திட்டு இருக்கும், அங்க கண்ணு வெளிய இருக்கணும். சிமுலேட்டர்ல இருந்து வர்றவங்க கண்ணை பேனல்ல இருந்து எடுக்க வைக்க, இன்ஸ்ட்ரக்டர் பேனலையே மூடி வச்சு ஓட்டச் சொல்றது உண்டு, அது தண்டனை இல்ல, தேவையான பயிற்சி.

45 டிகிரி சாய்வுல உங்க உடம்பு எடை 1.4 மடங்கு, 60 டிகிரியில ரெண்டு மடங்கு. மணிக்கணக்கா அந்த எடையோட, வெயில் நேரா தலையில அடிக்க, தண்ணி குடிச்சுக்கிட்டு, முடிவு எடுத்துக்கிட்டே இருக்கணும். நாற்காலியில உக்காந்து மூணு மணி நேரம் ரேஸ் ஓட்டுறதுல இந்த களைப்பு வராது, களைப்புல வர்ற தப்பான முடிவும் வராது.

வின்ச் லாஞ்ச் இன்னும் தெளிவான உதாரணம். தரையில இருக்கிற வின்ச் இயந்திரம் நீளமான கேபிளைச் சுருட்டி கிளைடரை இழுக்கும். மூணு நாலு செகண்ட்ல நின்ன இடத்துல இருந்து பறக்கிற வேகத்துக்கு இழுத்து, 45 டிகிரி பக்கமா மூக்கைத் தூக்கி ஏத்தும். நடுவுல கேபிள் அறுந்தா உடனே மூக்கை கீழ தள்ளணும், வேகம் வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதுக்கப்புறம் தான் திருப்புறதா நேரா இறங்குறதான்னு முடிவு. இந்த வரிசையை சிமுலேட்டர்ல திரும்பத் திரும்ப, வேற வேற உயரத்துல கேபிளை அறுத்து பழகலாம், நிஜத்துல சில உயரத்துல வேணும்னே அறுத்துக் காட்டுறது ஆபத்து, அதனால இங்க சிமுலேட்டர் ஒரு படி மேல. ஆனா மூக்கை தள்ளின நொடியில உடம்பு எடை இல்லாம மிதக்கும், அந்த உணர்வை சிலர் ஸ்டால்னு (இறக்கை தூக்குற சக்தியை இழக்கிறது) தப்பா எடுத்துக்கிட்டு இன்னும் இன்னும் தள்ளிக்கிட்டே போவாங்க, தரையை நோக்கி. யாருக்கு அப்படி ஆகும்னு நிஜ கிளைடர்ல, நல்ல உயரத்துல, இன்ஸ்ட்ரக்டரோட போய் பாத்தா தான் தெரியும். எந்த ஸ்க்ரீனும் அதைக் காட்டாது.

ஏர்லைன் பைலட்டுங்க புது விமானத்துக்கு மாறுறப்ப முழுப் பயிற்சியும் சிமுலேட்டர்லயே முடிக்கிறாங்களே, கிளைடருக்கு மட்டும் ஏன் முடியாதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அவங்க பயன்படுத்துற உயர்ந்த தரத்து லெவல் டி சிமுலேட்டர் அசல் காக்பிட்டோட ஆறு திசையிலயும் அசையுற மேடை மேல இருக்கு, முக்கியமா அதுல உக்கார்றவர் ஏற்கனவே அனுபவம் உள்ள பைலட். அந்த வேலையும் பெரும்பாலும் நம்பர், செக்லிஸ்ட், இன்ஸ்ட்ருமென்ட் வச்சு செய்யறது. கிளைடர் ஓட்டுறது அதுக்கு நேர் எதிர், அதுவும் அந்த மேடையால கூட உடம்பை அழுத்துற தொடர்ச்சியான ஜி விசையை குடுக்க முடியாது, சாய்ச்சு அசைச்சு ஒரு தொடக்கத்தை மட்டும் தான் காட்டும்.

ஏரோடோ (இன்ஜின் விமானம் கயிறு கட்டி கிளைடரை மேல இழுத்துட்டுப் போறது) பத்தி நிறைய பேர் கேக்குறாங்க, சிமுலேட்டர்ல டோ பிளேன் பின்னாடி நிக்கவே முடியல, நிஜத்துல இன்னும் கஷ்டமா இருக்குமோன்னு. இல்ல, பல பேருக்கு நிஜம் தான் சுலபம். ஒரே மானிட்டர்ல ஓரப் பார்வை கிடையாது, ஆழம் தெரியாது, ஜாய்ஸ்டிக்ல ஸ்பிரிங் எப்பவும் நடுவுக்கே இழுக்கும், நிஜ ஸ்டிக்ல வேகம் கூடக் கூட கை அழுத்தம் கூடும், ட்ரிம் போட்டா அந்த அழுத்தம் போயிடும். அதனால சிமுலேட்டர்ல மேலயும் கீழயும் ஊஞ்சல் ஆடுறீங்கன்னா அது முழுக்க உங்க குறை இல்ல. தரை தொடுறதுக்கு முன்னாடி மூக்கை லேசா தூக்குற லேண்டிங் ஃப்ளேரும் அப்படித்தான், தரை எவ்வளவு பக்கத்துல வந்துச்சுன்னு கண்ணோட ஓரத்துல தான் தெரியும்.

எனக்கு ரொம்ப கவலை தர்ற விஷயம் வேற. பயம் இல்லாம எடுக்கிற முடிவு பழக்கமாகிடுறது. சிமுலேட்டர்ல 200 மீட்டர் உயரத்துல கூட ஒரு பலவீனமான லிஃப்ட்ட பிடிச்சு சுத்திட்டே இருப்போம், மேல வந்துட்டா பெருமை, வராட்டி எஸ்கேப் பட்டன். நிஜத்துல பல இடத்துல சொல்லித் தர்றது, 600 மீட்டர்ல இறங்கக்கூடிய பகுதியைத் தேர்ந்தெடு, 450ல வயலை முடிவு பண்ணு, 300ல வேற எதையும் யோசிக்காம இறங்குன்னு. அந்த வயலையும் சிமுலேட்டர் பொய்யா தான் காட்டும். சாட்டிலைட் படம் ஒட்டின தட்டை தரை, அதுல பச்சையா தெரியறது இடுப்பு உயரப் பயிரா வெறும் புல்லான்னு தெரியாது, குறுக்க போற மின்கம்பி தெரியாது, வேலி தெரியாது, மெல்லிய சரிவு தெரியாது. ஆன்லைன் ரேஸ்ல மலை முகட்டை இறக்கை நுனி உரசுற மாதிரி தாண்டுறவங்களை பாத்திருப்பீங்க. அந்தப் பழக்கத்தை தயவுசெஞ்சு நிஜ மலைக்குக் கொண்டுபோகாதீங்க.

இவ்வளவு சொன்னாலும் நான் சிமுலேட்டரை விடப் போறதில்ல, ஏன்னா யோசிக்கிற பகுதியை அது மாதிரி எதுவும் சொல்லித் தராது. எந்த மேகத்துக்குப் போறது, இந்த தெர்மலை எப்ப விடுறது, ரெண்டு தெர்மலுக்கு நடுவுல எவ்வளவு வேகத்துல போறதுங்கிற மெக்கிரெடி கணக்கு, கடைசி கிளைடுக்கு (இனி லிஃப்ட் தேடாம முடிவு இடம் வரைக்கும் சறுக்கிப் போறதுக்கு) எப்ப கிளம்புறது, இதை ஒரு நீண்ட டாஸ்க்ல தான் பழக முடியும். புதுசா படிக்கிறவருக்கு நிஜத்துல வின்ச்ல ஏறி லிஃப்ட் கிடைக்கலைன்னா சில நிமிஷத்துல தரை வந்துடும், அங்க இதுக்கெல்லாம் நேரமே இல்ல. சிமுலேட்டரை நிறுத்தி வச்சுட்டு யோசிக்கலாம், பறந்த பாதை பதிவான ஐஜிசி ஃபைலை எடுத்து நிஜ ஃப்ளைட்டை அலசுற அதே மென்பொருள்ல போட்டுப் பாக்கலாம், ஒரே வானிலையை வச்சு இன்னொருத்தர் எங்க வேற முடிவு எடுத்தார்னு ஒப்பிடலாம். 2020 லாக்டவுன்ல கிளப் எல்லாம் மூடினப்ப நிறைய கிளைடர் பைலட்டுங்க இதுல தான் கூடினாங்க, பல கிளப்ல பழைய கிளைடரோட காக்பிட்டையே சிமுலேட்டரா மாத்தி வச்சிருக்காங்க.

நீங்க வீட்ல பழகுறதா இருந்தா முதல் செலவு ரட்டர் பெடலுக்கு, ஜாய்ஸ்டிக்கை முறுக்கி ரட்டர் குடுக்கிறது காலுக்கு எதையும் சொல்லித் தராது. அடுத்தது தலை அசைவை படிக்கிற கருவி, இல்ல விஆர் ஹெட்செட், திரும்புறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பாக்கிற பழக்கம் வரணும்னா இது வேணும், விஆர்ல ஆழமும் தெரியும். வெளிய இருந்து பாக்கிற கேமராவையும் தெர்மலைக் காட்டுற உதவியையும் அணைச்சிடுங்க, வேரியோ பீப்பை மட்டும் கேட்டு முள்ளைப் பாக்காம கோர் பிடிச்சுப் பாருங்க, 300 மீட்டர் வந்துட்டா லிஃப்ட் கிடைச்சாலும் இறங்குங்க. முதல் நாள் கிளப்புக்குப் போறப்ப சிமுலேட்டர்ல எவ்வளவு ஓட்டியிருக்கீங்கன்னு இன்ஸ்ட்ரக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, எதை விட்டுட்டு எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிடும்.