பத்தியம் இருந்தும் காணாக்கடி போகவில்லையே?

கேள்வி: என் வயது 34. மூன்று மாதமாக மாலையானால் உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கிறது. காலையில் சுவடே இருப்பதில்லை. கத்தரிக்காய், முட்டை, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மருந்துக்கடை மாத்திரையில் அடங்குகிறது, விட்டால் திரும்புகிறது. ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். கத்தரிக்காயையும் முட்டையையும் மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள். உணவு ஒவ்வாமையென்றால், சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் ஓரிரு மணி நேரத்தில் தடித்துவிடும். 6 வாரத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்து வருவது நாள்பட்ட காணாக்கடி. பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டி, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. நூறு உணவுகளுக்கான ரத்தப் பரிசோதனை இதில் வீண் செலவு. ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு பார்த்தால் போதும்.

தடித்த பிறகு மாத்திரை தேடுவதால்தான் பலருக்கும் இது இழுத்தடிக்கிறது. செட்ரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளில் ஒன்றை, தடிப்பு இல்லாத நாளிலும், தினமும் எடுக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் கட்டுப்படாவிட்டால் தோல் மருத்துவர் அளவைப் படிப்படியாக நான்கு மடங்குவரை கூட்டுவார், நீங்களாகக் கூட்டாதீர்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் ஊசி இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது அந்த மருந்துக்கடைப் பொட்டலம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். உடனே அடங்கும், உண்மைதான். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். வாரக்கணக்கில் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கிளறிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இன்று மாலை ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் இருந்தாலோ, எரிந்து வலித்தாலோ, கன்றிய கறையை விட்டுப் போனாலோ அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். சிறு தோல் துணுக்கு எடுத்துப் பார்க்க நேரும். நாக்கு வீங்கினால், குரல் கம்மினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றி மயக்கம் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.