வலி கம்மியா இருக்கிற நாள்

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு 56 வயசு. நாலு வருஷமா இடுப்பு வலி, இப்ப கழுத்தும் சேர்ந்துடுச்சு. எம்ஆர்ஐ ஸ்கேன்ல லேசா டிஸ்க் பல்ஜ்னு (முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற வட்டு பிதுங்கியிருக்குன்னு) வந்துச்சு, ஆபரேஷன் தேவையில்லைன்னுட்டாங்க. போன மாசம் வலிக்குன்னு பாக்கற டாக்டர் ஒருத்தர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதி, தினமும் எக்சர்சைஸும் பண்ணச் சொன்னார். கூகுள்ல அது டிப்ரஷன் மாத்திரைன்னு போட்டிருக்கு, அதனால கொடுக்கலை. வலி அதிகமானா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுக்கறேன். அம்மாவும் சொன்னா கேக்கறதில்லை, கொஞ்சம் நல்லா இருந்தா நாள் முழுக்க வேலை பாத்துட்டு அடுத்த மூணு நாள் எந்திரிக்க மாட்டேங்கறாங்க. நேத்து பரண் ஒழிச்சவளுக்கு இன்னைக்கு என்ன வலின்னு சித்தி கேக்கறாங்க. கேரளா கூட்டிட்டுப் போய் 21 நாள் எண்ணெய் சிகிச்சை கொடுக்கலாமா?

(பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு ஆசையா இருந்தா கேரளா போய்ட்டு வாங்க, எண்ணெய் தேச்சு விட்டா இதமாத்தான் இருக்கும். ஆனா 21 நாள் கழிச்சு அதே வீட்டுக்குத்தானே திரும்பி வரணும், எனக்கு அந்த வீட்டைப் பத்திதான் பேசணும், ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம் இது.

எங்க பெரியம்மா பீடி சுத்தினவங்க. ஆலங்குளம் பக்கம். மடியில சொளவு (முறம்), அதுல வெட்டின இலை, தூள், நூல், குனிஞ்ச கழுத்து குனிஞ்சபடியே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். கழுத்துல ஆரம்பிச்சு தோள்பட்டை வழியா விரல் வரைக்கும் இழுக்கும் அவங்களுக்கு. எந்த டாக்டரும் சொல்லித்தராமலே ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு கட்டு முடிஞ்சதும் சொளவை இறக்கி வெச்சுட்டு முற்றத்துக்குப் போய் ஒரு நடை நடந்துட்டு வந்து உக்காருவாங்க. வலிச்சாலும் சரி வலிக்காட்டியும் சரி. "வலிச்ச பொறவு எந்திரிச்சா அன்னைக்குப் பொழுது போச்சு"ன்னு சொல்லுவாங்க. அவங்களால அது எப்படி முடிஞ்சதுன்னா, ஆச்சி இலை வெட்டிக் கொடுத்தாங்க, நாங்க பிள்ளைங்க முனை மடக்கிக் கொடுத்தோம், பெரியப்பா வாய் பேசாம உலை வெச்சார். அந்தக் காலத்துல அந்தத் தெருவுல ஆம்பள உலை வெக்கறது சாதாரணம் இல்லை தம்பி.

இதைத்தான் இன்னைக்கு பிசியோதெரபிஸ்ட் பேஸிங்னு சொல்றாங்க. வலி வர்ற வரைக்கும் இழுக்காம, அதுக்கு முன்னாடியே நிறுத்தணும், நல்லா இருக்கற நாள்லயும் அளவோடதான் செய்யணும், முடியாத நாள்லயும் கொஞ்சமாவது நடக்கணும், அந்த அளவை மெல்ல மெல்லக் கூட்டணும். கேக்க ஈஸியாத்தான் இருக்கு. ஆனா உங்க அம்மா மூணு நாள் படுத்துக் கிடந்தப்ப அந்த வீட்ல பாத்திரத்தை யார் தேச்சது, துணியை யார் மடிச்சது, குக்கர் கேஸ்கட் போனதை யார் கவனிச்சது? நாலாவது நாள் வலி கொஞ்சம் விட்டதும் அவங்க கண்ணுல முதல்ல படறது அந்தப் பாத்திரம் குவிஞ்ச சிங்க்தான், அதைப் பாத்துட்டு அவங்க எப்படி அளவா வேலை செய்வாங்க? சொன்னா கேக்கறதில்லைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்குக் கோவம் வந்துடுச்சு. நீங்க வாயால சொன்னீங்க, சிங்க் வேற ஒண்ணு சொல்லுச்சு, அவங்க சிங்க் சொன்னதைக் கேட்டாங்க. நீங்களா ஒரு நாள் தேச்சு வெச்சுட்டு அப்புறம் வந்து சொன்னா கேக்கறதில்லைன்னு எழுதுங்க.

சித்தி பேச்சை விடுங்க. பரண் ஒழிச்சதாலதான் இன்னைக்கு வலி, அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. மூணு மாசத்தைத் தாண்டின வலியை நாள்பட்ட வலின்னு தனியாவே பாக்கறாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல்லயே (2022ல நடைமுறைக்கு வந்தது) அதுக்குன்னு தனி இடம் இருக்கு. இவ்வளவு நாள் ஓடின வலியில நரம்பு மண்டலமே உஷாராகிடும், சின்ன வேலையைக்கூட ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு பெரிய வலியா காட்டும். பல்ஜ்ங்கற வார்த்தையை வீட்ல திரும்பத் திரும்பச் சொல்லி பயமுறுத்தாதீங்க. வலியே இல்லாதவங்க 3,110 பேரோட ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்து 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, 50 வயசுக்காரங்கள்ல 60 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்துச்சு. அம்மா குனியலாம், நடக்கலாம், எலும்பு நொறுங்கிடாது. ஆனா கால்ல பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அது வேற விஷயம்.

மாத்திரைக்கு வர்றேன். 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தண்டுவடத்துல வலி சிக்னலைத் திறந்து மூடற ஏற்பாடு இருக்கு, மூளையில இருந்தும் அதை அடக்கலாம்னு எழுதிட்டாங்க. அமிட்ரிப்டிலின் சின்ன டோஸ்ல அந்த அடக்கற வேலைக்குத் துணை போகும்னுதான் கொடுக்கறாங்க, டிப்ரஷனுக்கு கொடுக்கற டோஸ் இதைவிடப் பல மடங்கு. எல்லாருக்கும் கேக்காது, வாய் வறளும், காலைல தூக்கம் அசத்தும், ஒத்துக்கலைன்னா எழுதின டாக்டர்கிட்டயே போய்ச் சொல்லணும். கூகுளைப் பாத்து இதுக்கு பயந்த நீங்க, மெடிக்கல்ல சீட்டு இல்லாம டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக்னு வலி மாத்திரையா வாங்கி வாங்கிக் கொடுக்க பயப்படலையே? வயித்துல புண்ணாகும், கிட்னி கெடும், பிபி ஏறும். அதை முதல்ல நிறுத்திட்டு டாக்டர்கிட்ட பேசுங்க.

அடுத்த தடவை போறப்ப எத்தனை நிமிஷம் நின்னா அம்மாவுக்கு வலி ஆரம்பிக்குதுன்னு கேட்டு எழுதிட்டுப் போங்க, பிசியோகிட்ட அது ரொம்ப உதவும். இருபது நிமிஷம்னா பதினஞ்சாவது நிமிஷத்துல கரண்டியை நீங்க வாங்கிக்கணும். அவங்க கொடுக்க மாட்டாங்க, "எனக்கு ஒண்ணுமில்லடா"ம்பாங்க, அப்பவும் வாங்கிக்கணும். வீட்ல அப்பாவோ தம்பி தங்கச்சியோ இருந்தா அவங்களுக்கும் இதே பேச்சுதான். ரெண்டு மாசம் கழிச்சு எழுதுங்க, அப்ப கேரளாவைப் பத்திப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா