அவசரநிலையை மக்கள் ஏற்கும்படி தலைவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "1975 அவசரநிலையில் ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் வேலை நடந்தது என்று தாத்தா இன்றும் சொல்கிறார். மக்களை எப்படி நம்ப வைத்தார்கள்?"

பெரும்பங்கு பேச்சுக்குத்தான், தம்பி. ஜூன் 26 காலை வானொலியில், பதற வேண்டாம் என்று இந்திரா காந்தி தொடங்கினார். அடுத்த மூச்சிலேயே, சாமானியருக்கு நல்லது செய்யத் தொடங்கியதிலிருந்தே பெரிய சதி நடக்கிறது என்றார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஜூன் 12-ல், அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் ஐகோர்ட் தீர்ப்பளித்திருந்தது. அவர் பதவிக்கு வந்த சிக்கல், பேச்சில் ஏழைக்கு வந்த ஆபத்தாகிவிட்டது. ஜூலை 1-ல் இருபது அம்சத் திட்டம்: நிலமற்றவருக்கு நிலம், கொத்தடிமை ஒழிப்பு. வேண்டாம் என்று யார் சொல்வார்? சொன்னாலும் தணிக்கையைத் தாண்டி அச்சேறாது. என்னைக் கேட்டால், பேச்சைவிட இந்த மௌனம்தான் அதிகம் வேலை செய்தது.

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது அது. இதே கேரளத்தில்தான் 1976 மார்ச்சில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர் கதவு கதவாய்த் தட்டினார். பதில் இல்லை. 1977 மார்ச் தேர்தலில் கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளும் காங்கிரஸ் கூட்டணிக்கே போயின. அதன் பிறகுதான் வாரியருடைய ஆட்கொணர்வு மனு கேரள ஐகோர்ட்டுக்கு வந்து, மகன் காவலில் இறந்தது வெளியே தெரிந்தது. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.