ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலையான ஓபன் வாட்டர் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு ராஜா அம்பாட்டில் டைவ் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சான்றிதழ் வாங்கிய கையோடு வேண்டாம். நீங்கள் அந்தமானிலோ பாண்டிச்சேரியிலோ பயிற்சி எடுத்து, ஏழெட்டு டைவ் முடித்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இந்தோனேசியாவின் பாப்புவாப் பக்கம் இருக்கும் இந்தத் தீவுகளில் மீன் மொய்ப்பதற்கு முக்கியக் காரணம், டாம்பியர் நீரிணையின் நீரோட்டம். அங்கே கேப் கிரி என்ற டைவ் இடத்தில் ஒரே டைவில் 374 மீன் இனங்களை எண்ணினார் மீன் ஆய்வாளர் ஜெரி ஆலன். புது ஆளைப் பாறை விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போவதும் அதே நீரோட்டம்தான். "நாங்கள் ஓபன் வாட்டரோடு போய் வந்தோமே" என்று யாராவது சொல்வார்கள். மான்டா சாண்டி என்ற டைவ் இடம் போன்ற மணல் தரையில், நல்ல வழிகாட்டியோடு, நீரோட்டம் குறைந்த நேரத்தில் முடியும்தான். எல்லா நாளும் அப்படி அமையாது. 25, 30 டைவ் ஆகட்டும், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழும் முடித்துவிடுங்கள்.

எஸ்.எம்.பி., அதாவது நீங்கள் இருக்கும் இடத்தை நீர்மட்டத்தில் காட்டும் காற்றடைத்த மிதவை, அதை விடுவதை ஊரிலேயே பழகுங்கள். நீரோட்டம் உங்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் படகோட்டி கண்டுபிடிப்பது அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துத்தான். மேலே வரும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கும்போது, தலைக்கு மேல் படகு இல்லை என்று பார்த்துவிட்டு, முதலில் கொஞ்சம் காற்று ஊதுங்கள். மிதவை நிமிர்ந்ததும் மீதியை நிரப்பி விட்டுவிடுங்கள். மிதவையின் நூல் சுருள் கையில்தான் இருக்க வேண்டும், பி.சி.டி.யில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) மாட்டக் கூடாது. மாட்டியிருந்து நூல் சிக்கினால் மிதவை ஆளையும் சேர்த்து மேலே இழுக்கும். அந்த நேரம் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

நீரோட்டத்தில் ஒரே இடத்தில் நிற்க உதவும் கயிறு கட்டிய கொக்கியான ரீஃப் ஹூக்கைச் செத்த பாறையில் மட்டும் மாட்டுங்கள், உயிருள்ள பவளத்தில் அல்ல. மாட்டியதும் பி.சி.டி.யில் துளி காற்று விட்டால் கயிறு விறைப்பாக நிற்கும். கழற்றும் முன் அந்தக் காற்றை வெளியேற்ற மறந்தால் பலூன் மாதிரி மேலே போய்விடுவீர்கள். கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் நேராக மேலே ஏறப் போராடாதீர்கள். பாறைச் சுவரை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீந்துங்கள்.

மற்றபடி, பாப்புவாவின் சோரோங் நகரம் வரை விமானம், அங்கிருந்து ராஜா அம்பாட்டின் வைசாய் ஊருக்கு இரண்டு மணி நேரக் கப்பல், பிறகு ஹோம்ஸ்டே படகு. ரூபியாவை சோரோங்கிலேயே எடுத்துவிடுங்கள். கிரி, அர்போரெக் தீவுகளில் ஏ.டி.எம். கிடையாது. மலேரியா உள்ள பகுதி, மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்குங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விடுங்கள். பியானேமோ போன்ற தீவு சுற்றலை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேட்காததையும் சொல்கிறேன். 2023இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா என்று அங்கீகரித்த இடத்தில் நிக்கல் சுரங்கமா? எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2025 ஜூனில் ஐந்தில் நான்கு சுரங்க நிறுவனங்களின் உரிமத்தை இந்தோனேசிய அரசு ரத்து செய்தது. காக் தீவில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். தோண்டிய மண் மழையில் கரைந்து பவளத்தின் மேல் படிந்தால் வெயில் படாமல் அது செத்துப்போகும். இது தெரிந்தேதான் அனுமதி கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.