பேரனுக்கு எதற்கு ஐயா பொருளாதாரத் தடை?

கேள்வி: தொண்ணூறுகளில், அரசின் பொருளாதாரத் தடைக்குள், யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஆனாலும் படித்தோம், படிப்பித்தோம், நிமிர்ந்து நின்றோம். ‘சுடச்சுடரும் பொன்போல்’ என்று வள்ளுவர் சொன்னது எங்கள் தலைமுறையைத்தான். இன்றைய பெடியளுக்குக் கஷ்டம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால்தான் வாள்வெட்டும் ஐஸ் போதைப்பொருளும். என் மகனும் மருமகளும் லண்டனில். பேரன் எங்களோடு நின்று ஏ.எல். படிக்கிறான். அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்புகிறோம் என்றார்கள். ‘வேண்டாம், பெடியன் கொஞ்சம் கஷ்டப்படட்டும், அப்போதுதான் மனிதனாவான்’ என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரிதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: மோட்டார் சைக்கிளுக்குக் கடைசியில் வருகிறேன் ஐயா. முதலில் அந்தக் குறள்.

அது ‘தவம்’ என்ற அதிகாரத்தில் இருக்கிறது. தானாக விரும்பி உடம்பை வருத்தி நோன்பு இருப்பவர்களைப் பற்றியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழைக்குள் பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்ட சனம் தவம் செய்யப் போகவில்லை. அவர்களுக்குப் பொருந்துகிற குறள் ‘நல்குரவு’ அதிகாரத்தில் இருக்கிறது: நெருப்புக்குள் படுத்துக்கூடத் தூங்கலாம், இல்லாமைக்குள் கண் மூட முடியாது என்கிறார். இரண்டையும் சொன்னவர் ஒரே வள்ளுவர்தான். மேடையில் முதலாவதற்குக் கைதட்டு விழும், இரண்டாவதற்கு விழாது. அதனால் முதலாவது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

சரி, தொண்ணூறுகளுக்கு வருவோம். நீங்கள் சொல்வது ஒன்றும் பொய்யில்லை. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு, நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள், கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்து வந்த பத்திரிகை. பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்தக் கடைசிச் செய்தி இன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சிகளை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் நிற்கிறார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோமே, பிபிசி தமிழோசை முடியும்வரை கை நோக நோகச் சுற்றியவர் ஒருவர் இருந்தார். சுற்றிலும் குந்தியிருந்து கேட்டவர்கள் பத்துப் பேர். இருந்த ஒரே விளக்கைப் பிள்ளைகளின் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் இடியப்பம் பிழிந்த அம்மா இருந்தார். முதல் நாள் ஷெல் விழுந்த ஒழுங்கையால் மறுநாள் காலை ரியூசன் கொட்டிலுக்கு வந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கிய மாஸ்ரர் இருந்தார். அந்த மாஸ்ரர் நீங்களாகவே இருக்கலாம்.

பிள்ளைகளை ஆளாக்கியது அவர்கள். நீங்களோ அந்தப் பெயரைத் தூக்கிப் பொருளாதாரத் தடைக்குக் கொடுக்கிறீர்கள். தடை போட்டவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இன்னொன்று. உங்கள் பழைய வகுப்பு இடாப்பை ஒருமுறை மனதுக்குள் திறந்து பாருங்கள். பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்களின் பெயர்கள் உங்களுக்கு உடனே வரும். சிவப்புக் கோடு இழுத்த பெயர்களையும் வாசியுங்கள். வன்னிக்குப் போய்த் திரும்பாதது, ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டிப் பாதியில் நின்றது, இயக்கத்துக்குப் போனது, தகப்பன் செத்ததும் கடையில் நிற்கப் போனது, ஷெல்லடியில் போனது. அவர்களும் அதே விளக்கில்தான் படித்தார்கள். கஷ்டம் நல்ல வாத்தியார் என்றால் தன் வகுப்பில் பாதியை இப்படியா விட்டிருக்கும்? தப்பி வந்தவர்கள் கதை சொல்கிறோம், அதனால் கதை நல்லபடியாக முடிகிறது.

கூட நிற்க ஆளில்லாமல் கஷ்டம் மட்டும் வந்த இடங்களில் அது என்ன செய்தது என்றும் நமக்குத் தெரியும். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் முகம் மாறும் மனிதர்கள். ஒரு கேள்வி கேட்டால் ‘உமக்கேன்’ என்று தொடங்கும் பேச்சு. எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பை இருக்கிறது: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஓ.எல். பெறுபேறு, அடையாள அட்டைப் பிரதி, பழைய இடப்பெயர்வுப் பதிவுத் துண்டு, எல்லாம் பொலித்தீனுக்குள் பொலித்தீனாகச் சுற்றி. கூப்பிட்டால் ஒரே இழுவையில் தூக்கலாம். அந்தப் பையை வைத்திருக்கும் அம்மாவை உறுதியான பெண் என்று புகழ்வோம். உறுதிதான். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அவர் வீட்டில் இருந்துகொண்டே புறப்படத் தயாராக இருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவர். போர் உக்கிரமாக இருந்த ஆண்டுகளில் இங்கே தற்கொலை குறைந்திருந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். உங்கள் பக்கத்துக்குச் சாதகமான செய்தி, மறைக்கக் கூடாது. பொதுவான ஆபத்து வந்தபோது சனம் ஒன்றாக நின்றது உண்மை. ஆனால் நீண்ட போர் ஒரு சமூகத்துக்குள் என்ன மிச்சம் வைக்கிறது என்று எழுதும்போது அதே மருத்துவர் சொல்வது ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம், வாய் திறக்காமை, பிறரை நம்பி இருத்தல், நாளைக்கு அப்பால் யோசிக்காமை. பெடியளின் வாள்வெட்டுக்குக் காரணம் தேடுவதென்றால் நான் இந்தப் பட்டியலில்தான் தொடங்குவேன். சொகுசில் தொடங்க மாட்டேன்.

வெளியூர் உதாரணம் ஒன்று. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்து வந்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல பாரங்கள் ஒன்றாக விழுந்த வீடுகளின் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் பிரச்சினை இல்லாமல் நல்லபடி வளர்ந்தார்கள். ‘பார்த்தீர்களா, கஷ்டம் ஆளாக்கும்’ என்று அந்த ஒரு பங்கைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. மற்ற இரண்டு பங்கும் அதே கஷ்டத்தைத்தான் பட்டது! படிப்பில் பின்தங்கியது, பொலிஸ் வரை போனது, மனம் உடைந்தது எல்லாம் அந்தப் பக்கத்தில். நன்றாக வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒரு விஷயம், அவர்களைக் கைவிடாத ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. தாய் தகப்பனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேத்தியார், மாமி, ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். வழுக்கி விழுந்தவர்களிலும் பலர், படிப்போ வேலையோ நல்ல கல்யாணமோ இரண்டாவது வாய்ப்பாகக் கிடைத்தபோது, முப்பது வயதுக்குப் பிறகு எழும்பினார்கள்.

‘எங்கள் தலைமுறை’ என்று நீங்கள் சொல்வதிலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பட்ட கஷ்டமே எங்கள் அடையாளம் என்று ஆக்கிவிட்டோம். இருக்கட்டும், ஆனால் அதில் யார் யாருடைய கஷ்டம் சேர்த்தி? யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள வலிகாமமும் இடம்பெயர்ந்து எழும்பியது 1995 ஒக்ரோபர் 30. அதற்குச் சரியாக ஐந்து வருஷம் முன்னர், 1990 ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முஸ்லிம் சனத்தைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு அனுப்பினார்கள். நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. 1983 இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு கப்பலில் வந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஊர். துன்பம் மனதைத் தானாக விரிக்கும் என்றால் அன்றைக்கு அவர்களுக்காகத் தெரு நிறைந்திருக்க வேண்டும். பயத்தில் வாய் திறக்காதவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நம் இடப்பெயர்வை மட்டும் வருஷா வருஷம் நினைவுகூர்ந்துவிட்டு, அந்த மற்ற ஒக்ரோபர் 30 ஐத் தாண்டிப் போவதற்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

அதோடு, கஷ்டம் எல்லாரையும் ஒன்றாக்கியது என்ற கதையும் உண்டு. போன இடத்திலும் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்ற சாதிக் கணக்கு நடந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பியவர்களில் கால் நூற்றாண்டு கடந்தும் முகாம் கொட்டிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் யார்? சொந்தக் காணி இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதிச் சனம். அவர்களின் பையில் உறுதி இல்லை. ஒரே ஷெல்லுக்கு ஓடியவர்கள் ஒரே மாதிரித் திரும்பி வரவில்லை.

இன்றைய பெடியளுக்குக் கஷ்டம் தெரியாது என்கிறீர்களே, அதையும் ஒருதரம் யோசியுங்கள். இன்றைக்கு இருபதுகளில் இருக்கும் வன்னிப் பிள்ளை 2009 இல் முள்ளிவாய்க்காலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றது. அதற்குப் பிறகு கொரோனா, பள்ளிக்கூடம் பூட்டு. 2022 இல் மறுபடியும் மண்ணெண்ணெய் வரிசை. இதைவிட எவ்வளவு கஷ்டம் கொடுத்தால் உங்களுக்குப் போதும்?

இனி உங்கள் பேரன். கேள்வியில் நீங்களே எழுதிவிட்டு, நிற்காமல் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. தாயும் தகப்பனும் லண்டனில், பிள்ளை கோண்டாவிலில். எத்தனை வயதிலிருந்து இப்படி என்று நீங்கள் எழுதவில்லை. காய்ச்சல் வந்தால் போன் திரையில்தான் அம்மா. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அப்பப்பா. பெறுபேறு வந்தாலும் அங்கே விடியும்வரை காத்திருக்க வேண்டும். இவனுக்கா ஐயா கஷ்டம் பத்தாது என்கிறீர்கள்? உங்கள் காலத்துக் கஷ்டத்தில் சத்தம் இருந்தது, நாலு பேருக்குத் தெரிந்தது. இவனுடையதற்குச் சத்தம் இல்லை, வெளியில் சொன்னால் ‘லண்டன் காசில் இருக்கிறவனுக்கு என்ன குறை’ என்பார்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்றது சரி. லைசன்ஸ் இல்லை, ஏ.எல். முடியவில்லை, பலாலி வீதியில் மாலை நேரத்தில் பெடியள் ஓடும் வேகம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் காரணங்களை அப்படியே அவனிடம் சொல்லுங்கள், திட்டினாலும் விளங்கிக்கொள்வான். ‘கஷ்டப்படட்டும்’ என்றதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ரியூசன் முடிந்து வரும் நேரம் படலையடியில் நில்லுங்கள். கணக்கு நீங்கள் படிப்பித்த பாடமென்றால் அவனோடு இருந்து ஒரு பாஸ்ற் பேப்பர் செய்யுங்கள். தொண்ணூறுகளின் கதை சொல்வதென்றால் ரேடியோவுக்கு மிதிகட்டை சுற்றியவரின் கதையைச் சொல்லுங்கள், அதை அவன் விரும்பிக் கேட்பான். மகனும் மருமகளும் காசு அனுப்பியே தீருவோம் என்று நின்றால், விசாச் சிக்கல் எதுவும் இல்லையென்றால், அதே காசில் இரண்டு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து ஒரு மாதம் நிற்கச் சொல்லுங்கள்.